நோயே இல்லை, ஆனாலும் தனி அறை: ஏன் டாக்டர்?

போன இதழில் ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகளைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதில் போகிறபோக்கில் "இப்படிப்பட்ட நோயாளிகளைத் தனி அறையில் வைப்பார்கள்" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. சிலர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள், சிலர் கோபமாக. ஒரு நர்ஸ் என்னையே திட்டி எழுதியிருக்கிறார், அதுவும் கீழே இருக்கிறது.

கேள்வி: இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காக அப்பாவைச் சேர்த்தோம். சேர்த்த அன்றே ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டு சாம்பிள் எடுத்தார்கள். அப்புறம் ஏதோ எதிர்ப்புக் கிருமி இருக்கிறது என்று சொல்லித் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள், உள்ளே வருகிறவர்கள் எல்லாம் கவுனும் கையுறையுமாக வருகிறார்கள். அவருக்குக் காய்ச்சல்கூட இல்லை டாக்டர். நோயே இல்லாத மனிதரை எதற்கு ஒதுக்கி வைக்க வேண்டும்?

அப்பாவுக்கு நோய் இல்லை என்பது உண்மை. அவர் குடலில் அந்தக் கிருமி குடியிருக்கிறது என்பதும் உண்மை. க்ளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் நம்மில் பலருடைய குடலில் சாதாரணமாக இருப்பவைதான். அவற்றில் சில ரகங்கள் கார்பாபெனெம் என்ற மருந்துகளையே, அதாவது மற்றவை எல்லாம் தோற்ற பிறகு நாங்கள் கையில் எடுக்கிற மருந்துகளையே, உடைத்துப் போடுகிற என்சைம்களை வைத்திருக்கின்றன. குடலுக்குள் இருக்கும்வரை அவை அப்பாவை ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் அதே கிருமி, பக்கத்துக் கட்டிலில் சிறுநீர்க் குழாயோடு படுத்திருப்பவருக்கோ, கீமோதெரபியில் வெள்ளை அணுக்கள் தரைமட்டமாகிக் கிடப்பவருக்கோ போய் ரத்தத்தில் ஏறினால், எந்த மருந்தைக் கொடுப்பது என்று தேடவேண்டிய நிலை வந்துவிடும். இன்னொரு தொல்லை, அந்த என்சைமுக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது, சாவியை நகல் எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரனிடமும் கொடுத்துவைப்பதுபோல அதை ஒரு பாக்டீரியா வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும்.

அறிகுறி இல்லாதவரைப் பார்த்து ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2011 ஜூன் மாதம், அமெரிக்காவில் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மருத்துவமனைக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளி வந்தார். அவருக்குக் கார்பாபெனெம் எதிர்ப்பு க்ளெப்சியெல்லா இருப்பது முன்கூட்டியே தெரியும், அதனால் வந்த உடனேயே தனிமைப்படுத்தி, கவுன், கையுறை என்று எல்லாமே செய்தார்கள். ஜூலை நடுவில் அவர் டிஸ்சார்ஜும் ஆகிவிட்டார். தப்பித்தோம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். மூன்று வாரம் கழித்து வேறொரு நோயாளியிடம் அதே கிருமி. அப்புறம் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருவர். கடைசியில் அந்த முதல் நோயாளியையும் சேர்த்து 18 பேரிடம் அது இருந்தது, அவர்களில் 11 பேர் இறந்தார்கள், அதில் 6 இறப்புகளுக்கு இந்தத் தொற்றே காரணம் என்று கணக்கிட்டார்கள். கிருமிகளின் மரபணு வரிசையை முழுதாகப் படித்துப் பார்த்தபோது எல்லாமே அந்த முதல் நோயாளியிலிருந்து கிளம்பியவை என்று தெரிந்தது. இடையில் என்ன நடந்தது என்றால், சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்கள், சாதாரணப் பரிசோதனையில் அவர்கள் அகப்படவில்லை. சிங்க்கின் வடிகுழாயில் அந்தக் கிருமி இருந்தது, சுத்தம் செய்து முடித்த ஒரு வென்டிலேட்டரில்கூட இருந்தது. சுவர் எழுப்பித் தனிப் பகுதி உண்டாக்கி, அங்கே வேலை செய்பவர்கள் வேறெங்கும் போகக்கூடாது என்று வைத்து, எல்லா நோயாளிகளிடமும் பஞ்சுக்குச்சி சாம்பிள் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அடங்கியது.

உங்கள் அப்பாவிடம் முதல் நாளே பஞ்சுக்குச்சியை நீட்டியது இதற்காகத்தான். அது அவருக்குக் கொடுத்த தண்டனை இல்லை. இதைப் போய் அவரிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் யாரும் அவரிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இது காற்றில் பரவாது என்கிறார்கள். காற்றில் பரவாத கிருமிக்குத் தனி அறை எதற்கு? பொது வார்டிலேயே ஓரமாகப் படுக்க வைத்தால் ஆகாதா?

நல்ல கேள்வி. காசநோய்க்குத் தனி அறை என்றால் அது காற்றுக்காக. அறையின் காற்று வராந்தாவுக்கு வராதபடி உள்ளே இழுத்து வெளியேற்றுவார்கள், உள்ளே போகிறவர் என்95 மாஸ்க் போடுவார். எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலின் வகை மருந்துகளுக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி), வி.ஆர்.இ. (வான்கோமைசினுக்கு மசியாத என்டெரோகாக்கஸ் என்ற குடல் கிருமி), கார்பாபெனெம் எதிர்ப்பு க்ளெப்சியெல்லா போன்றவை முக்கியமாகத் தொடுவதால் பரவுகின்றன. நோயாளியின் தோல், கழிவறை, கட்டில் கம்பி, அழைப்பு மணி, ரத்த அழுத்தப் பட்டை, ஸ்டெதாஸ்கோப், இவற்றிலிருந்து ஊழியரின் கைக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு. அதனால்தான் இங்கே மாஸ்க்கை விடக் கவுனும் கையுறையும் முக்கியம்.

அறை எதற்கு என்றால், முதலாவது கழிவறை. குடல் கிருமிகளுக்குப் பொதுக் கழிவறையைப் போல வசதியான இடம் வேறில்லை. இரண்டாவது, கதவு ஒன்று இருந்தால் அதன் முன் நின்று யோசிக்கத் தோன்றும். பொது வார்டில் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நகரும்போது கை கழுவ மறப்பது ரொம்பச் சுலபம், அவசரத்தில் தலையணையைச் சரிசெய்துவிட்டு அப்படியே பக்கத்தில் இருப்பவரின் சலைன் குழாயைத் தொடுவார்கள்.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தக் கிருமிகள் உலர்ந்த பரப்பில் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும், எம்.ஆர்.எஸ்.ஏ.வும், அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு மருத்துவமனைக் கிருமியும் இதில் பேர்போனவை. எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தவர் காலிசெய்த ஐ.சி.யூ. அறைக்கு அடுத்து வருபவருக்கு அது தொற்றும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுகிறது என்று 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மொத்த ஆபத்து சிறியதுதான், ஆனால் கிருமி கட்டிலோடு தங்கிவிடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தனி அறை என்றால் எந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதாவது துப்புரவு ஊழியருக்குத் தெளிவாகத் தெரியும். இந்த விஷயத்தில் அவர்தான் எங்களைவிடப் பெரிய டாக்டர், ஆனால் அவருக்குத்தான் எல்லா இடத்திலும் குறைந்த சம்பளம், குறைந்த பயிற்சி.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், இப்படி ஒதுக்கி வைப்பதால் எதிர்ப்புக் கிருமிகள் குறைந்திருக்கின்றன என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா? இல்லை, சும்மா ஒரு சடங்கா?

சில இடங்களில் நன்றாக வேலை செய்திருக்கிறது, சில இடங்களில் சடங்காகவே ஆகிவிட்டது.

முதலில் வேலை செய்த கதை. இஸ்ரேலில் 2006-லிருந்து கார்பாபெனெம் எதிர்ப்பு க்ளெப்சியெல்லா நாடு முழுக்க மருத்துவமனைகளில் பரவியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே போராடிப் பார்த்துத் தோற்றது, நோயாளிகள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்ததால். 2007 மார்ச்சில் அரசே இறங்கியது. எல்லா மருத்துவமனையும் தினமும் கணக்குச் சொல்ல வேண்டும், கிருமி உள்ளவர்களைத் தனியாகவோ ஒரே இடத்தில் சேர்த்தோ வைக்க வேண்டும், அவர்களைப் பார்க்கும் நர்ஸ்கள் மற்றவர்களைப் பார்க்கக் கூடாது. அந்த மாதம் ஒரு லட்சம் நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள்) 55.5 புதிய தொற்று என்று இருந்தது, 2008 மே மாதத்தில் 11.7 ஆக இறங்கியது. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது அறையை அல்ல, தனி நர்ஸை.

நெதர்லாந்து இன்னும் கடுமையானது. வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்திருந்துவிட்டு அங்கே சேர்கிறவரை, கல்ச்சர் ரிசல்ட், அதாவது சாம்பிளில் கிருமி வளர்கிறதா என்ற முடிவு, வருவதற்கு முன்பே தனி அறையில் வைத்துவிடுவார்கள். பன்றிப் பண்ணையில் வேலை செய்பவர்களுக்கும் அதே மரியாதைதான், ஏனென்றால் அந்தப் பன்றிகளிடமிருந்து ஒரு ரக எம்.ஆர்.எஸ்.ஏ. மனிதருக்கு வருகிறது. கிருமி பரவினால் டாக்டர், நர்ஸ் மூக்கிலும் சாம்பிள் எடுப்பார்கள், இருந்தால் போகும்வரை வீட்டில் இரு என்பார்கள். அங்கே ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், கிருமி அங்கே அரிதாக இருக்கும்போதே பிடித்துக்கொண்டார்கள், கூடவே ஆன்டிபயாடிக்கையும் சிக்கனமாக எழுதுகிற நாடு அது. வார்டில் மூன்றில் ஒருவரிடம் கிருமி இருக்கும் மருத்துவமனை திடீரென்று இன்று அதைக் காப்பியடித்தால் அறைக்கு எங்கே போவது?

இனி மறுபக்கம். 2013-ல் அமெரிக்காவில் 20 ஐ.சி.யூ.க்களில் ஒரு சோதனை செய்தார்கள். சிலவற்றில், யாரிடம் கிருமி இருக்கிறது என்று பார்க்காமல், எல்லா நோயாளி அறைக்குள்ளும் கவுன், கையுறையோடு மட்டுமே நுழைய வேண்டும் என்றார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ., வி.ஆர்.இ. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. எம்.ஆர்.எஸ்.ஏ.வை மட்டும் தனியாகப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்திருந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு 43 மருத்துவமனைகளில். ஒரு பிரிவில் சோதித்துத் தனிமைப்படுத்தினார்கள், இன்னொன்றில் அதோடு கிருமி உள்ளவர்களுக்கு மட்டும் கிருமிநீக்கமும் செய்தார்கள், மூன்றாவதில் யாரையும் சோதிக்காமல் ஐ.சி.யூ.வில் இருக்கும் எல்லோருக்கும் தினமும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் உடம்பைத் துடைத்து, மூக்கில் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள். மூன்றாவது பிரிவுதான் ஜெயித்தது, எல்லாக் கிருமிகளையும் சேர்த்து ரத்தத் தொற்று 44 சதவீதம் குறைந்தது. வெறுமனே சோதித்துத் தனிமைப்படுத்திய பிரிவில் பெரிய மாற்றம் இல்லை.

இதையெல்லாம் பார்த்து அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் எம்.ஆர்.எஸ்.ஏ., வி.ஆர்.இ.க்குக் கவுன்-கையுறை விதியைத் தளர்த்திவிட்டன, தொற்று ஏறியதாகவும் பெரிதாகத் தெரியவில்லை. என் கருத்து இது: தோலிலும் மூக்கிலும் இருக்கும், ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிவிட்ட எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குத் தனிமையைவிடக் குளியலும் கை சுத்தமும் அதிகம் கொடுக்கும். குடலுக்குள் ஒளிந்திருக்கும், குளிப்பாட்டி விரட்ட முடியாத, இன்னும் அங்கே வேர்விடாத கார்பாபெனெம் எதிர்ப்புக் கிருமிக்குத் தனிமை கட்டாயம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதலும் இந்தக் கிருமிகளுக்குத் தனிமையைப் பரிந்துரைக்கிறது, கை சுத்தம், சுற்றுப்புறச் சுத்தம், சோதனை இவற்றோடு சேர்த்து. தனியாக அல்ல.

கேள்வி: நான் நர்ஸ். தனிமைப்படுத்துங்கள் என்று எழுதுவது உங்களுக்குச் சுலபம். ஒரே ஷிஃப்டில் ஐந்தாறு தனிமை நோயாளிகளைக் கொடுக்கிறார்கள். மாத்திரை கொடுக்க ஒரு கவுன், தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஒரு கவுன், மணி அடித்தால் இன்னொரு கவுன். எத்தனை தடவை மாற்றுவது? வியர்த்துக் கொட்டுகிறது.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் சொல்வதற்கு ஆய்வே இருக்கிறது. 2014-ல் அமெரிக்கப் போதனா மருத்துவமனைகளில் எண்ணிப் பார்த்தார்கள், வார்டில் தனிமையில் இருப்பவர்களின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டியதும் ஊழியர்கள் விதிகளைக் கடைப்பிடிப்பது சரிந்துபோனது. நியாயம்தானே, எல்லோரும் தனிமை என்றால் யாருமே தனிமை இல்லை. ஆகவே தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு பட்டியலை நீட்டிக்கொண்டே போகாமல், யாரை எடுத்துவிடலாம் என்றும் வாராவாரம் பார்க்க வேண்டும், ஆள் கொடுக்காமல் கதவில் 'தனிமை' என்ற அட்டை மட்டும் மாட்டினால் அது காகிதத்தில் இருக்கும் தனிமை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கையுறையைக் கழற்றியதும் கை சுத்தம். கழற்றும்போதுதான் கையில் ஒட்டும், கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் இருக்கும். வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே நுழைவில் முடிப்பது, அந்த அறைக்கென்றே ஒரு ஸ்டெதாஸ்கோப், ஒரு தெர்மாமீட்டர், ஒரு ரத்த அழுத்தப் பட்டை வைத்துவிடுவது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலிடத்தில் கேட்டு வாங்குங்கள், தேவைப்பட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவைத் தனி அறைக்கு மாற்றிய பிறகு டாக்டர்கள் கதவருகே நின்றே பேசிவிட்டுப் போகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு வாசலில் கிடக்கிறது. அம்மா அழுகிறார். இது சரியா?

சரியில்லை. கொஞ்சமும் சரியில்லை.

உங்கள் அம்மாவுக்கு நடப்பது புதிதும் இல்லை. 2003-ல் வந்த ஓர் ஆய்வில், காலை ரவுண்டில் மூத்த மருத்துவர்கள் சாதாரண நோயாளிகளில் 73 சதவீதத்தினரைத் தொட்டுப் பரிசோதித்தார்கள், தனிமையில் இருந்தவர்களில் 35 சதவீதத்தினரைத்தான். பாதிக்கும் கீழே. அதே ஆண்டு டொராண்டோவிலும் பாஸ்டனிலும் செய்த இன்னோர் ஆய்வில், தனிமையில் இருந்தவர்களுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய கேடுகள், அதாவது கீழே விழுவது, படுக்கைப் புண், உடம்பில் நீர்ச்சத்துக் கோளாறு போன்றவை, மற்றவர்களைவிட ஏழெட்டு மடங்கு நடந்திருந்தன. பின்னால் வந்த அந்த 20 ஐ.சி.யூ. ஆய்வில் இப்படிக் கேடு கூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸ் எப்போதும் பக்கத்திலேயே இருப்பார். வார்டு வேறு.

அம்மாவை இன்று யார் தொட்டுப் பரிசோதித்தார்கள் என்று தினமும் கேளுங்கள், கோபப்படாமல், ஆனால் விடாமல். நடக்க வைக்கிறார்களா, பிசியோதெரபி வருகிறதா, முதுகில் புண் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். கவுன் போட்டுக்கொண்டு பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு எந்த விதியும் தடை இல்லை. ஸ்கேனுக்குக் கூட்டிப்போகவும் தடை இல்லை, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் போதும். "தனிமையில் இருக்கிறார், அதனால் முடியாது" என்று யார் சொன்னாலும் அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள், பெரும்பாலும் எங்கேயும் எழுதியிருக்காது. அம்மா கையில் ஒரு போன் கொடுங்கள், கண்ணில் படுகிற மாதிரி ஒரு கடிகாரம், ஒரு காலண்டர் வையுங்கள். வயதானவர்கள் நாலு சுவருக்குள் நாள், கிழமை தெரியாமல் குழம்பிப்போவது சீக்கிரம் நடந்துவிடும்.

கேள்வி: தனி அறையே இல்லாத மருத்துவமனை என்ன செய்யும்?

ஒரே கிருமி உள்ளவர்களை ஒரே அறையில் சேர்த்து வைக்கலாம். பெயரளவில் அல்ல, பரிசோதனையில் உறுதியான ஒரே கிருமி என்றால்தான். அதுவும் முடியாவிட்டால் வார்டின் கடைசிக் கட்டில், கட்டில்களுக்கு நடுவே நல்ல இடைவெளி, தரையில் ஒரு கோடு, கட்டில் கம்பியிலேயே சானிடைசர், தனிக் கழிவறை அல்லது தனி மலத்தட்டு, முடிந்தால் அந்த மூலைக்கென்று ஒரே நர்ஸ். இரண்டு அறைதான் இருக்கிறது, ஐந்து பேர் இருக்கிறார்கள் என்றால் வயிற்றுப்போக்கு இருப்பவருக்கும், மூட முடியாதபடி ஒழுகும் புண் உள்ளவருக்கும் அறையைக் கொடுங்கள், ஏனென்றால் சுற்றியுள்ள இடத்தில் அதிகம் சிந்துவது அவர்களிடமிருந்துதான்.

கேள்வி: பார்க்கப் போகும் நாங்களும் கவுன் போட வேண்டுமா? எங்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

அந்த மருத்துவமனை விதி எப்படியோ அப்படி. உடம்பு நன்றாக இருக்கும் உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு குறைவு. நாங்கள் பயப்படுவது, நீங்கள் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு அப்படியே அடுத்த வார்டில் இருப்பவரையும் பார்க்கப் போவதைத்தான். போகும்போதும் வரும்போதும் கை சுத்தம், கட்டிலில் உட்கார வேண்டாம், நோயாளியின் கழிவறையைப் பயன்படுத்த வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளலாம், தாராளமாக. கதவில் சி.டிஃப் (கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒரு குடல் கிருமி) என்று போட்டிருந்தால் மட்டும் சானிடைசரை நம்பாதீர்கள், அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான்.

கேள்வி: ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தக் கிருமியை ஒரேயடியாக அழித்துவிட்டு அறையை விட்டு வெளியே விடக்கூடாதா? வீட்டுக்குப் போனபின்னும் தனி அறையா?

எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் ஓரளவு முடியும், மூக்குக் களிம்பு, குளோர்ஹெக்ஸிடின் குளியல், சிலருக்குத் திரும்பி வரும். குடலில் இருக்கும் க்ளெப்சியெல்லாவுக்கு அப்படி நம்பகமான வழி இல்லை, வழக்கமாக முயலவேண்டாம் என்றுதான் ஐரோப்பிய நிபுணர் குழு 2019-ல் சொன்னது. மருந்து கொடுத்தால் குடலில் இருக்கும் சாதுவான கிருமிகள் செத்து, எதிர்ப்புக் கிருமிக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். சும்மா விட்டால் பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே குறைந்து மறையும், இடையில் மறுபடி ஆன்டிபயாடிக் எடுத்தால் மறையத் தாமதமாகும். ஒரு சாம்பிள் நெகட்டிவ் வந்துவிட்டது என்று சில இடங்களில் உடனே அட்டையைக் கழற்றிவிடுகிறார்கள், அதை நம்பாதீர்கள். குடல் கிருமி ஒரு வாரம் ஒளிந்து அடுத்த வாரம் தலைகாட்டும், இடைவெளி விட்டு எடுத்த பல சாம்பிள்களாவது வேண்டும்.

வீட்டில் தனி அறை தேவையில்லை. சேர்ந்து சாப்பிடலாம், பேரக்குழந்தையைத் தூக்கலாம், துணிகளைச் சேர்த்தே துவைக்கலாம். கழிவறைக்குப் போய்வந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, புண் இருந்தால் மூடி வைப்பது, துவாலை தனி, அவ்வளவுதான். சிறுநீர்க் குழாயோடு வீட்டுக்கு வந்திருந்தால், அதைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுங்கள், அது இன்னும் வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தக் கிருமியின் பெயரைத் தெளிவாக எழுதி வாங்குங்கள், "தொற்று" என்று மொட்டையாக எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும், பல் டாக்டராக இருந்தாலும், டயாலிசிஸ் மையமாக இருந்தாலும், அந்தச் சீட்டை முதலில் நீட்டுங்கள். சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்று மறைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். திடீரென்று காய்ச்சல் வந்து எமர்ஜென்சியில் சேரும்போது, எந்த மருந்து வேலை செய்யாது என்று முன்கூட்டித் தெரிந்தால் முதல் ஊசியே சரியான ஊசியாகப் போட முடியும்.